காற்றின் பூச்சியம்: மேல்வளிமண்டலக் காற்றை அளந்த வரலாறு

கண்டி மாநகரில் வாழ்வோர்க்குக் காற்றென்பது பெரும்பாலும் இரண்டு திசைகளின் பெயரே. வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வருவது ஒன்று; மார்கழி, தை மாதங்களிற் தும்பறை மலைகளைத் தாண்டி வடகிழக்கிலிருந்து வருவது மற்றொன்று. வயலும் தேயிலைத் தோட்டமும் இவ்விரண்டினையும் நன்கறியும். ஆயினும், தென்மேற்குப் பருவக்காற்று ஹந்தானை மலைச்சாரலில் முகிற்கூட்டங்களைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் அதே வேளையில், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் அதற்கு நேரெதிராக ஒரு பெருங்காற்றுக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செக்கனுக்கு 30 மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. இதனை இந்திய வானிலை அறிஞர் கோடேசுவரம் 1958 ஆம் ஆண்டில் விளக்கியெழுதினார். இன்னும் மேலே, 20 முதல் 30 கிலோமீற்றர் வரையுள்ள உயரத்திற் காற்றானது ஏறக்குறைய இரண்டாண்டுகட்கு ஒரு முறை திசைமாறி வீசுகின்றது. அதற்கும் மேலே, 90 கிலோமீற்றருக்கு அணித்தாய், ஒரே நாளினுள்ளேயே அது திரும்பிவிடுகின்றது.

இவையாவும் எவ்வாறு அறியப்பட்டன? காற்றுக் கண்ணுக்குப் புலனாவதன்று. அது சுமந்துசெல்லும் பொருளைக் கொண்டே அதனை அளத்தல் கூடும். ஆகவே காற்றை அளந்த வரலாறு, அது சுமந்தவற்றின் வரலாறாகவே தொடங்குகின்றது. ஆனால் அவ்வரலாற்றினுள்ளே பலராற் கவனிக்கப்படாத இன்னொரு வரலாறும் உண்டு. எந்தக் கருவியைக் கொண்டு அளந்தாலும், “காற்றே வீசாத நிலையில் இக்கருவி எதனைக் காட்டும்?” என்னும் வினாவிற்கு விடை கண்டாக வேண்டும். துணி நிறுக்குமுன் வணிகன் வெறுந்தராசைத் தூக்கிப் பார்ப்பது போன்றதே இது. கருவிக்கு அளவுகோடிடல் என்பதும், இட்ட அளவு நாட்பட நிலைத்திருக்கின்றதா என்று காவல் காத்தல் என்பதும் இவ்வினாவின் இரு பகுதிகளேயாம். உயரம் கூடக்கூட இவ்வினா கடினமாகிக்கொண்டே போயிற்று.

காற்றுச் சுமப்பதைப் பிடித்துப் பார்த்தல் என்னும் முறைக்குக் கண்டியை அடுத்த பேராதனை ஒரு பழைய சான்று தருகின்றது. 1869 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் ஒன்று தோன்றி, சில பத்தாண்டுகளில் மலைநாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிவிட்டது. இதனை ஆராயவென 1880 ஆம் ஆண்டில் மார்சல் உவாட் என்னும் இளம் தாவரவியலறிஞர் இங்கு அனுப்பப்பட்டார். அவர் ஒட்டும் பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களிற் காற்றுப்படத் தொங்கவிட்டார். அவற்றிற் படிந்த பங்கசு வித்திகளை நுணுக்குக்காட்டியின் கீழ் இனங்கண்டார். நோயைப் பரப்புவது காற்றே என்பது அதனாற் தெளிவாயிற்று. கோப்பியைக் காக்க அவ்வறிவு உதவவில்லை. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. எனினும், கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கண்ணாடியிற் படிந்த தூளால் விசாரிக்கலாம் என்பது இம்மலைகளிலே காட்டப்பட்டது.

உவாட் இலங்கையை விட்டகன்ற மறுவருடமே இயற்கை தானே ஒரு பெரும் பரிசோதனையை நிகழ்த்திற்று. 1883 ஓகஸ்ட் 27 ஆம் நாள் சுந்தா நீரிணையிலுள்ள கிரக்கட்டோவா எரிமலை வெடித்தது. அதன் தூசும் புகையும் வளிமண்டலத்தின் உயரடுக்குகளிற் புகுந்து மேற்கு நோக்கிப் பாய்ந்தன. செப்டெம்பர் 5 ஆம் நாளளவில் ஒனலூலுவில் வானம் விந்தையான செந்நிறங் கொண்டதைச் செரினோ பிசப் என்னும் போதகர் கண்டார். செப்டெம்பர் 9 ஆம் நாளையொட்டிய தினங்களில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஞாயிறு பச்சையாகவும் நீலமாகவும் எழுந்து மறைந்தது. சென்னையில் மிச்சி சிமித் என்னும் பேராசிரியர் அப்பசுஞாயிற்றின் ஒளியை நிறமாலைகாட்டியினூடாக நோக்கிக் குறிப்பெழுதினார். பிசப் இந்நிகழ்ச்சிகளைக் கோவைப்படுத்தி, நிலநடுக்கோட்டைச் சுற்றி ஒரு புகையாறு ஓடுகின்றது என்றார். இலண்டன் வேத்தியற் கழகம் 1888 இல் வெளியிட்ட பேரறிக்கை அக்கருத்தை உறுதிசெய்தது.

கணக்கு எளியது. புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். புகை ஒரு சுற்று முடிக்க எடுத்தது ஏறத்தாழ 13 நாள். எனவே காற்றின் வேகம் செக்கனுக்கு 35 மீற்றரளவு. இலங்கையின் பசுஞாயிறு அம்முதற் சுற்று நிறைவெய்தியதற்குச் சான்றாய் நின்றது. மேல்வளிமண்டலக் காற்றை மனிதன் முதன்முதலில் அளந்த பெருமை இந்நிகழ்ச்சிக்கே உரியது எனலாம். இங்கே கருவி யாது? நாட்காட்டியும் கடிகாரமுமே. அவற்றின் பூச்சியம் எரிமலை வெடித்த கணம். அது ஐயத்திற்கிடமின்றித் தெரிந்திருந்தது. ஆகவேதான் இத்துணைப் பருமட்டான அளவீடு இன்றளவும் பிழையற்றதாய் நிற்கின்றது. பிற்காலத்தில் நுட்பமான கருவிகள் பலவற்றுக்கு இப்பேறு வாய்க்கவில்லை.

ஆயினும் ஒரு புதிர் எழுந்தது. 1908 ஆம் ஆண்டிற் பேர்சன் என்னும் செருமானிய அறிஞர் கிழக்காபிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கருகே பலூன்களை விடுத்தபோது, அவ்வுயரத்திற் காற்று மேற்கிலிருந்து வீசுவதைக் கண்டார். கிரக்கட்டோவாவின் காற்றோ கிழக்கிலிருந்து வீசிற்று. இரண்டும் மெய்யாதல் எங்ஙனம்? ஒன்றன்மேல் ஒன்றாக இரு காற்றுக்கள் உள்ளன என்று அரை நூற்றாண்டு காலம் நூல்கள் எழுதிவந்தன. 1960 ஆம் ஆண்டையடுத்து அமெரிக்காவில் இரீட் என்பாரும் பிரித்தானியாவில் எப்டன் என்பாரும், ஒரே காற்றே ஏறத்தாழ 28 மாதங்களுக்கொரு முறை திசைமாறுகின்றது என்று தனித்தனியே நிறுவினர். இருபத்தெட்டு மாத அலைவைக் காண்பதற்குப் பல்லாண்டு இடைவிடாது அளக்க வேண்டும். அளக்குங் கருவி அக்காலமெல்லாம் மாறாதிருக்கவும் வேண்டும். 1953 ஆம் ஆண்டிலிருந்து பசிபிக்கிலுள்ள கன்ரன் தீவும், பின்னர் மாலைதீவின் கன் தீவும், 1976 முதற் சிங்கப்பூரும் இத்தொடரைக் காத்துவந்தன. கன் தீவு 1957 ஆம் ஆண்டில் இலங்கையின் விமானத்தளங்களைப் பிரித்தானியர் கைவிட நேர்ந்ததன் விளைவாக வளர்ந்த தளமென்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

பலூன் முறைக்கும் அதற்குரிய பூச்சியச் சிக்கல் உண்டு. பலூனை ஒரே கோணமானியாற் பின்தொடரும் பழைய முறையில், அது ஒரே வேகத்தில் மேலெழுகின்றது என்று எடுத்துக்கொள்ளப்படும். சமவெளியில் இது பொருந்தும். கண்டியைப் போன்று மலைசூழ்ந்த இடத்திலோ, சாரலில் ஏறும் காற்றுப் பலூனை விரைந்துயர்த்தும்; கணக்கிலே அது இல்லாத ஒரு கிடைக்காற்றாக வந்து நிற்கும். நாற்புறமும் திறந்த தாழ்ந்த தீவுகள் இவ்வேலைக்கு உகந்தனவாயிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், பலூன் 30 கிலோமீற்றரளவில் வெடித்துவிடும். அதற்கப்பால் வேறு வழி வேண்டியதாயிற்று.

அவ்வழி 1963 நவம்பர் 21 ஆம் நாள் மாலை திருவனந்தபுரத்தையடுத்த தும்பாவில் திறந்தது. விக்கிரம சாராபாயின் முயற்சியால் அங்கு அமைந்த தளத்திலிருந்து ஏவப்பட்ட நைக்கு அப்பாச்சி என்னும் அமெரிக்க உந்துகூடு சோடிய ஆவியை வானிற் கக்கிச் சென்றது. நிலத்தில் இருள் சூழ்ந்த பின்னரும் அவ்வுயரத்தில் ஞாயிற்றொளி பட்டுக்கொண்டிருந்தமையால், அவ்வாவி மஞ்சட்கோடாய் ஒளிர்ந்தது. காற்று அக்கோட்டை உயரத்துக்குயரம் வெவ்வேறு திசைகளில் இழுத்துச் சிதைப்பதை வெவ்வேறிடங்களிலிருந்து ஒருங்கே படம்பிடித்துக் கணித்தல் இம்முறையாகும். இதன் சிறப்பு யாதெனில், படத்திலே ஆவிக்குப் பின்னால் விண்மீன்கள் விழுந்திருக்கும், அவை வழுவா. கருவியின் பூச்சியத்தை விண்மீன்களே வழங்கின. குறையும் வெளிப்படை: ஓர் உந்துகூடு, ஓர் அந்தி, சில நிமிடம். ஒரு நாளுக்குள்ளேயே திரும்பும் காற்றை அந்திப்பொழுதில் மட்டும் பார்த்தறிதல், பெரகராவை ஒரு சன்னலின் இடுக்கு வழியாகப் பார்த்த கதையாகும்.

நாள்தோறும் உலகமனைத்தையும் நோக்கவல்லது செய்மதியே. 1991 செப்டெம்பர் 12 ஆம் நாள் டிசுக்கவரி விண்ணோடம் மேல்வளிமண்டல ஆராய்ச்சிச் செய்மதியை ஏந்திச் சென்று, 585 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றவிட்டது. அதிலிருந்த பத்துக் கருவிகளுள் இரண்டு காற்றுக்கென அமைந்தவை. ஒன்று மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் போல் ஏயிசு தலைமையில் உருவானது. மற்றையது கனடாவும் பிரான்சும் சேர்ந்து, தொறொன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்துக் கோடன் செப்பேட் தலைமையில் ஆக்கியது. இவற்றுக்குத் தூசும் வேண்டியதில்லை, ஆவியும் வேண்டியதில்லை. வளியிலுள்ள ஒட்சிசன் தானே சில திட்டமான அலைநீளங்களில் ஒளிவிடுகின்றது, உறிஞ்சவும் செய்கின்றது. காற்று நோக்குவோனை அணுகினால் அவ்வலைநீளம் சிறிது குறுகும். விலகினாற் சிறிது நீளும். புகையிரதத்தின் ஊதல் அருகே வரும்போது கூர்ந்தும், கடந்து போகையிற் தணிந்தும் ஒலிப்பதற்குக் காரணமான அதே தொப்பிளர் விளைவுதான் இது.

கொள்கை இத்துணை எளிதாயினும் அளவு மலைக்க வைப்பது. மிச்சிக்கன் கருவி பெரிதும் பயன்படுத்திய ஒட்சிசன் பட்டை 762 நனோமீற்றரையொட்டியது. செக்கனுக்கு 5 மீற்றர் வேகமுள்ள காற்று அதனை மாற்றுவது, ஒரு நனோமீற்றரின் ஏறத்தாழ 80,000 இல் ஒரு பங்கு. இதனைப் பிரித்தறிய ஒன்றுக்கொன்று இணையான கண்ணாடித் தகடுகளின் இடையே ஒளியை முன்னும் பின்னும் தெறிக்கவிடும் தலையீட்டுமானி பயன்பட்டது. அத்தகைய மூன்று தகட்டிணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டன. தகடுகளின் இடைவெளி 1 சென்ரிமீற்றர் என்று கொண்டால், அது வெப்பத்தால் 0.17 நனோமீற்றர் விரிந்தாலே போதும். இல்லாத காற்றொன்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசியதாகக் கருவி சொல்லிவிடும். 0.17 நனோமீற்றர் என்பது ஓரணுவின் பருமன். புவியை ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொரு முறை சுற்றி, வெயிலிலும் நிழலிலும் மாறிமாறிப் புகும் ஒரு பெட்டியினுள் ஓரணுவளவும் பிசகாத நிலைப்பாட்டை எதிர்பார்த்தனர் என்றால் அம்முயற்சியின் அருமையை உணரலாம்.

இதனோடு நின்றதா? செய்மதி செக்கனுக்கு ஏறத்தாழ 7,500 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. கீழே புவியும் சுழல்கின்றது. கண்டியின் அகலக்கோட்டில் அச்சுழற்சி செக்கனுக்கு 460 மீற்றரளவு. இவ்விரண்டையும் கழித்த பின் எஞ்சுவதே காற்று. செய்மதியின் போக்குக்கு 45 பாகை சாய்வாக நோக்கும் தொலைகாட்டியின் திசை ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு தவறினாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 5 மீற்றர் வழு புகுந்துவிடும். பெருங்கடனைக் கழித்துச் சிறு மிச்சத்தைக் காணும் கணக்கனுக்கு, கடனிற் சதத்துக்குச் சதம் திருத்தம் வேண்டுமல்லவா?

இடையிடையே விளக்கொளியைக் கருவியினுட் செலுத்தி அதன் கோடுகள் எங்கு விழுகின்றன என்று பார்ப்பது முதற் காவல். விளக்கு அசைவதில்லையாதலால், அதன் கோடு நகர்ந்தாற் கருவியே நகர்ந்தது என்பது தெளிவு. ஆனால் விளக்கின் ஒளி செல்லும் வழியும் வானத்தொளி வரும் வழியும் முற்றிலும் ஒன்றல்ல. ஆகவே காற்றில்லாத நிலையை வானத்திலேயே தேட வேண்டியிருந்தது. இதற்குக் கையாளப்பட்ட உபாயம் பொற்கொல்லர் அறிந்ததே: தராசில் ஐயமெனில் தட்டுக்களை மாற்றி நிறுக்க வேண்டும். கருவியின் பூச்சியம் தவறியிருந்தால், எல்லா ஒளியும் சிறிது விலகிச் செல்வது போன்றே அதற்குத் தோன்றும். அந்நிலையிற் கண்டிக்கு வடக்கே கடந்து செல்லும் செய்மதி, கண்டியின் மேற்காற்றுத் தெற்கு நோக்கி வீசுவதாகச் சொல்லும். தெற்கே கடக்கும்போது, அது வடக்கு நோக்கி வீசுவதாகச் சொல்லும். இரண்டும் ஒருங்கே மெய்யாகா. பல நாட் சராசரிகளில் எஞ்சும் இவ்வேறுபாட்டின் பாதியே கருவியின் பொய்க்காற்று. ஏறத்தாழ 36 நாட்களுக்கு ஒரு முறை அச்செய்மதி வெயிலின் பொருட்டுத் தன்னை 180 பாகை திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தமையும் இவ்வொப்பீட்டுக்கு வாய்ப்பளித்தது.

அந்த 36 நாளிலேதான் இன்னொரு கண்ணியும் இருந்தது. செய்மதி ஓரிடத்தின் மேல் வரும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் முந்திக்கொண்டே போகும். காலை, மாலை எனப் பகலிரவின் எல்லா நேரங்களையும் பார்த்து முடிக்க அதற்கு ஏறக்குறைய அந்த 36 நாளும் வேண்டும். மேல்வளிமண்டலத்தில், சிறப்பாக நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில், ஞாயிற்றின் வெப்பத்தால் எழும் அலை நாள்தோறும் காற்றைத் திருப்புகின்றது. அவ்வலையைச் செய்மதி ஒரு நாளிற் காண்பதில்லை. 36 நாளிற் பரப்பிக் காண்கின்றது. அக்காலத்திற் கருவியின் பூச்சியம் மெல்ல நகர்ந்தால், அந்நகர்வு தினசரி அலையின் உருவத்தை அப்படியே பூண்டு நிற்கும். கள்வன் வீட்டுக்காரனின் உடையை அணிந்து வருவதை ஒத்தது இது. கருவியின் நிலைப்பாடு பொறியியலார் மட்டும் கவலைப்பட வேண்டியதொன்றன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

எனவே நிலத்திலிருந்து சான்று தேடப்பட்டது. திருநெல்வேலிக்கருகே கிருட்டினாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிலையம் 1992 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு ரேடாரை நிறுவியது. அது கண்டியிலிருந்து 400 கிலோமீற்றருக்கு உட்பட்ட தொலைவில் உள்ளது. 68 முதல் 98 கிலோமீற்றர் வரையுள்ள காற்றை இரவும் பகலும் அளக்கவல்லது. இலங்கைக்கு மேலேயுள்ள அவ்வுயரத்துக் காற்றுக்கு அதுவே மிகவும் அண்மையான சாட்சி எனலாம். உலகெங்கும் இவ்வகை ரேடார்கள் தந்த வேகங்களைச் செய்மதியின் வேகங்களோடு ஒப்பிட்டபோது, திசைகள் பெரிதும் ஒத்தன. வேகங்களிலோ செய்மதி கூடுதலாகவும் ரேடார்கள் குறைவாகவும் சொல்லின. யாரிடம் வழு? ஒரே செய்மதியிலிருந்தும் முற்றிலும் வேறான முறையில் இயங்கிய கனேடியக் கருவி மிச்சிக்கன் கருவியோடு நன்கு இணங்கியது. ஆகவே, அவ்வகை ரேடார்கள், குறிப்பாக 90 கிலோமீற்றருக்கு மேல், வேகத்தைக் குறைத்துக் காட்டுகின்றன என்னும் கருத்து வலுப்பெற்றது. சோதிக்க வந்த சாட்சியே சோதிக்கப்பட்டான்.

இத்துணைக் காவலின் பயன் 1996 ஆம் ஆண்டிற் புலனாயிற்று. நிலநடுக்கோட்டின் மேலே 80 கிலோமீற்றரையடுத்த காற்று அரையாண்டுக்கொரு முறை அலைவதும், சில ஆண்டுகளின் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் மேற்கு நோக்கி மிகவும் உரத்து வீசுவதும், அவ்வேற்றம் கீழேயுள்ள இரண்டாண்டலைவோடு இணைந்திருப்பதும் மிச்சிக்கன் கருவியின் பல்லாண்டுப் பதிவுகளிலிருந்து காட்டப்பட்டன. இரண்டாண்டலைவைச் சொல்வதற்கு, அக்கருவி இரண்டாண்டுகளுக்கு மேலாக மாறாதிருந்தது என்று முதலிற் சொல்ல முடிந்திருக்க வேண்டும். 1883 இல் இலங்கையின் ஞாயிற்றைப் பச்சையாக்கிய காற்றும், அதற்கு 50 கிலோமீற்றருக்கு மேலே வீசும் காற்றும் தொடர்பற்றனவல்ல என்பது இவ்வாறே அறியப்பட்டது.

செய்மதியின் மூப்பு வேறு. 1992 ஆம் ஆண்டிலேயே அதன் சூரியத் தட்டை இயக்கும் பொறி இடர்ப்பட்டது. மின்வலு குறையக் குறையக் கருவிகள் முறைவைத்து இயக்கப்பட்டன. இடைவிடாத் தொடர் அறுபட்டது. 2005 ஆம் ஆண்டின் இறுதியில் அது ஓய்வு பெற்று, 2011 செப்டெம்பர் 24 ஆம் நாள் பசிபிக் கடலின் மேல் எரிந்து வீழ்ந்தது.

அதன் வழித்தோன்றல்களுக்கும் பூச்சியமே பகையாயிற்று. 2001 டிசெம்பரில் ஏவப்பட்ட தைமெட் செய்மதியின் காற்றுக்கருவியிற் குளிர்ந்த பகுதிகளில் நீராவி பனியாய்ப் படிந்து ஒளியை மங்கச்செய்தது. வேண்டாத வெளிச்சமும் உள்ளே கசிந்தது. விண்கலத்தையே உருட்டி வெயில் காட்டி அப்பனியை உருக்க முனைந்தனர். ஐரோப்பியர் 2018 ஓகஸ்டில் ஏவிய ஏயோலசு, புறஊதா இலேசர்க் கதிரைத் தானே கீழ்நோக்கி அனுப்பி 30 கிலோமீற்றர் வரையுள்ள காற்றை அளந்தது. அதன் பெருங்கண்ணாடியின் வெப்பநிலை ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் சிறிது வேறுபட்டமையாற் செக்கனுக்குப் பல மீற்றர் அளவான பொய்க்காற்றுப் புகுந்தது. 2020 ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடியின் வெப்பமானிகளையும், வானிலை முன்னறிவிப்புக் கணிப்பையும் துணைக்கொண்டு அதனைத் திருத்தினர். கணிப்பைத் திருத்துவதற்கென அனுப்பிய கருவியைக் கணிப்பைக் கொண்டே திருத்தலாமா என்னும் தடை நியாயமானதே. கண்ணாடியின் வெப்பத்தோடு சேர்ந்து மாறும் பகுதியை மட்டுமே நீக்குவதால் மெய்க்காற்று பெரிதும் காக்கப்படுகின்றது என்பது அதற்கு விடை. முழுவிடை என்று அதனைக் கூறுதல் அரிது. ஏயோலசு 2023 யூலை 28 ஆம் நாள் வளிமண்டலத்திற் புகுந்து அழிந்தது.

90 முதல் 300 கிலோமீற்றர் வரையுள்ள காற்றுக்கென 2019 ஒக்டோபரில் நிலநடுக்கோட்டை அண்டிய பாதையில் ஏவப்பட்ட ஐகன் செய்மதி, கண்டியின் மேலான வானை நாள்தோறும் பலமுறை நோக்கிவந்தது. அதன் கருவியினுள் நியோன் விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. 2022 நவம்பர் மாதத்தில் அதனுடனான தொடர்பு திடீரென அறுந்தது. மீட்க முடியாமையால் 2024 ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அது விட்டுச்சென்ற மூன்றாண்டுப் பதிவுகளின் பூச்சியத்தைச் சரிபார்க்கும் பணி, அது மௌனமான பின்னரும் தொடர்ந்தது.